எட்டுப் பேர் இழுத்தால் எட்டு மடங்கா?

மாணவர்களே, எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் உங்களில் பலர் தற்காலிக வேலைக்குப் போவீர்கள். தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற எங்கள் மூவாரில், பலருக்கு அந்த வேலை ஒரு தொழிற்சாலையில்தான் கிடைக்கும். நாற்காலிகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் உங்களோடு நான்கு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் நீங்கள் ஓடி ஓடி உழைக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவரோ கைப்பேசியைப் பார்த்தபடி, “ஏன் தம்பி இவ்வளவு அவசரம்? சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதானே?” என்கிறார். இரண்டாம் வாரம் உங்கள் கையும் மெதுவாகிறது.

ஏன் இப்படி நடக்கிறது? விடை ஒரு கயிற்றில் தொடங்குகிறது.

பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியியலாளர் ரிங்கல்மன், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. ஒருவர் தனியாக இழுக்கும் விசையை 100 என்று கொண்டால், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு 49தான் கிடைத்தது. எட்டுப் பேர் சேர்ந்தும் நான்கு பேரின் விசைகூட வரவில்லை!

எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமா? 1979இல் அமெரிக்க உளவியலாளர் லதானேயும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தனர். மாணவர்களின் கண்களைக் கட்டி, காதில் ஒலிவாங்கா வண்ணம் கருவி மாட்டி, உரக்கக் கத்தச் சொன்னார்கள். ஆறு பேர் சேர்ந்து கத்துவதாக நம்பிய மாணவர், உண்மையில் தனியாகத்தான் கத்தினார். இருந்தும் தம் முழுத் திறனில் சுமார் 74 விழுக்காடுதான் வெளிப்படுத்தினார். ‘என் பங்கு தனியாகத் தெரியாது’ என்ற எண்ணமே குரலைக் குறைத்துவிட்டது. இதற்குச் ‘சமூகச் சோம்பல்’ என்று பெயர்.

உழைப்பவரின் கை ஏன் தளர்கிறது? 1983இல் நார்பர்ட் கெர் என்ற ஆய்வாளர் இருவர் இருவராகக் காற்றுப் பம்பை அழுத்தவைத்தார். கூட்டாளிக்குத் திறமை இருந்தும் அவர் முயலவில்லை என்று தெரிந்ததும், மற்றவரும் முயற்சியைக் குறைத்தார். ஏமாளியாக இருக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்கப் பேரங்காடி ஒன்றின் காசாளர்கள் எவ்வளவு வேகமாகப் பொருள்களை வருடுகிறார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் மாஸ், மொரெட்டி இருவரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். சுறுசுறுப்பான ஒருவர் பணிக்கு வந்ததும் மற்றவர்களின் வேகமும் கூடியது. குறிப்பாக, அவருடைய பார்வையில் படும்படி இருந்தவர்கள்தாம் வேகம் கூட்டினார்கள். மெதுவாக வேலை செய்தவர்களிடமே மாற்றம் அதிகம் தெரிந்தது.

இப்போது மீண்டும் தொழிற்சாலைக்கு வருவோம். உங்கள் பக்கத்தில் இருப்பவர் பிறவிச் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். அவர் அடைத்த பெட்டி எது, நீங்கள் அடைத்தது எது என்று யாருக்கும் தெரியாத ஏற்பாடும் அவரைச் சோம்ப வைக்கலாம். ஆளுக்கு இத்தனை பெட்டி என்று பிரித்துக்கொள்ளலாமா என்று மேற்பார்வையாளரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். யார் மீதும் குறை சொல்ல வேண்டியதில்லை. அதேவேளையில், நான்கு பேர் வேலையை நீங்கள் ஒருவரே சுமக்கவும் வேண்டாம். உங்கள் பங்கை மட்டும் முழுமையாகச் செய்யுங்கள்.

இதை இன்றே வகுப்பில் சோதிக்கலாம். அடுத்த குழு இடுபணியில் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அதைச் செய்பவரின் பெயரை எழுதி ஒட்டுங்கள். வேலை எப்படி நகர்கிறது என்று நீங்களே கவனியுங்கள். சென்ற முறை ‘சும்மா இருந்த’ நண்பர் இம்முறை உங்களை வியக்க வைக்கலாம்.