மடி தாங்காத எடை

குழந்தையை மடியில் வைத்தபடி காரின் முன்சீட்டில் செல்லும் தாய்மார்களைத் திருமுருகன்பூண்டி வழியே போகும் அவிநாசி சாலையில் பார்க்கலாம். கைக்குள் இருந்தால் பத்திரம் என்று நம்புகிறோம். கணக்கு வேறு சொல்கிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி, நொடியில் பத்திலொரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். இருபது கிலோ எடையுள்ள ஏழு துணி ரோல்களை ஒரே நேரத்தில் தாங்குவது போல அது. எந்தத் தாயாலும் முடியாது. முன்சீட்டில் ஏர்பேக்கும் ஆபத்து. 2024 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முன்சீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஏர்பேக் விரிந்து இறந்தது.

மடிக்குப் பதிலாகக் காரில் பொருத்தும் குழந்தை இருக்கையின் பட்டை எப்படிக் காக்கிறது என்பது பனியன் ஊரான திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பின்னலாடைத் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் நீள்கிறது. இந்தப் பட்டையோ நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர். பாவு நூல் நேராக ஓடுவதால் கொஞ்சம்தான் நீளும். அந்த உறுதியைத் தளர்வாகப் பூட்டி நாம் வீணாக்கிவிடுகிறோம். பட்டைக்கும் உடலுக்கும் இடைவெளி இருந்தால், கார் வேகம் இழந்த பிறகும் குழந்தை பழைய வேகத்திலேயே முன்னே வந்து பட்டையில் மோதும். பூட்டிய பின் தோளருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். ஊட்டிப் பயணத்தில் தடித்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டே பூட்டுங்கள், மோதலில் அது நசுங்கிப் பட்டை தளரும். போர்வையைப் பட்டைக்கு மேல் போர்த்தலாம்.

இருக்கையும் காரோடு இறுகியிருக்க வேண்டும். சீட் பெல்ட் கோத்த இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. சீட் பெல்ட்டுக்குப் பதிலாக ஐசோஃபிக்ஸ் என்ற கொக்கி அமைப்பில் மாட்டும் இருக்கைக்கு மேல்பட்டையோ தாங்குகாலோ இருந்தால் அதையும் பொருத்துங்கள்.

கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்து அதைத் தாங்கும் அளவு முதிர்ந்திருக்காது. அதனால் பின்சீட்டில், காரின் பின்புறம் பார்த்தபடிதான் அமர்த்த வேண்டும். ஐரோப்பாவில் ஆர்129 என்ற குழந்தை இருக்கைத் தரத்தின்படி செய்த இருக்கையில் 15 மாதம் வரை இது கட்டாயம். திருப்பூரில் தைத்த உடையை அணிந்து அங்கே காரில் ஏறும் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தைத்தவர் வீட்டுக் குழந்தைக்கும் வேண்டும்.

நம் மோட்டார் வாகனச் சட்டமும் 2019 திருத்தத்தில் 14 வயதுக்குட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. விலையை நினைத்து உறவினரிடம் பழைய இருக்கை வாங்குவதானால், அது விபத்தில் சிக்கியதா என்று முதலில் கேளுங்கள். சிக்கியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் வேண்டாம்.