தேயிலை மலையின் கடைத்தெரு - 11: கடைக்காரர் வாங்கிய மலை

1894இல் பண்டாரவளையோடு நின்றுவிட்ட ரயில் பதுளைக்கு வந்துசேர 1924 ஆயிற்று. அந்த முப்பது ஆண்டில் எந்த ஊர்க் கடைத்தெரு முந்திக்கொண்டது என்பது தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் பதுளை சூப்பர் மார்க்கெட்டுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்பு அப்புத்தளைக்கு ஏறாமல் முடியாது.

1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனை நாம் தேயிலைத் துரையாகவே அறிவோம். ஆனால் அவர் அடிப்படையில் பலசரக்குக் கடைக்காரர். 1871இல் கிளாஸ்கோவில் ஒரு சிறிய கடையோடு தொடங்கி, பிரிட்டன் முழுவதும் கிளைகளைப் பரப்பியவர். இடைத்தரகரை விலக்கிவிட்டு விளையும் இடத்திலேயே சரக்கை எடுத்தால் விலையைக் குறைக்கலாம் என்பதே அவருடைய வியாபாரக் கணக்கு. மற்றக் கடைக்காரர்கள் பெட்டியிலிருந்து நிறுத்துக் கொடுத்த தேயிலையை, அவர் அளவிட்ட பொட்டலங்களில் அடைத்து விற்றார். அந்தக் கணக்குதான் அவரை ஊவாவுக்குக் கொண்டுவந்தது. இந்த மலைச்சரிவு, ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்த கடைகளின் சரக்கறையாக இருந்திருக்கிறது. இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி இதுதான்.

பிரிட்டனில் தொழிலாளர் குடும்பங்கள் சில்லறையை எடுத்துக்கொண்டு லிப்டன் கடைக்குப் போன அதே காலத்தில், இங்கே தோட்டங்களில் கொழுந்து பறித்தவர் கையில் சில்லறை தங்கியதே அரிது. அரிசியைத் தோட்டமே கொடுத்து விலையைச் சம்பளத்தில் கழித்தது. ஆள்சேர்த்து வந்த பெரிய கங்காணியிடம் பட்ட கடன் தனி. அந்தக் கடன் தொகையை எழுதிய துண்டு கையில் இருந்தால்தான் அடுத்த தோட்டம் ஆளைச் சேர்க்கும். கடனையும் அந்தத் தோட்டமே ஏற்கும். 1921இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆகவே ஊவாவில் கடைகள் மாறியதற்கு வாங்குகிறவரின் ரசனையைக் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. தோட்டச் சம்பளம் யார் கைக்கு, எந்த உருவில் போனது என்பதே கடையின் வகையைத் தீர்மானித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கீடு வந்ததும் கூப்பன் கடை வந்தது. பெண்ணின் சம்பளத்தையும் கணவனே வாங்கிச் செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது; ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்ததே 1984இல்தான். துணிக்கடைக்காரர் யாரிடம் பேரம் பேசினார் என்பதை இந்த இரண்டு செய்திகளிலிருந்தே ஊகிக்கலாம்.

1983 ஜூலை 27இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை ஒதுக்கிவிட்டுச் சம்பளத்தைப் பேசுவதா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அன்று முற்பகலில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு தமிழரின் மோட்டார் சைக்கிள் எரிக்கப்பட்டது. நண்பகலில் கடைத்தெரு எரிந்தது. கும்பல் ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என்று பரவியது. இரவுக்குள் லுணுகலைக்கும் தீ போய்ச் சேர்ந்தது. கடைகளின் பெயர்ப்பலகைகள் மாறியதற்குச் சம்பளம் காரணமல்ல, இந்தக் கொடுமைதான் காரணம். அதை எந்தப் பொருளாதாரக் கணக்காலும் மழுப்பக்கூடாது. ஆனால் யார் துரத்தப்பட்டார்கள் என்பதைத்தான் அந்தத் தீ சொல்லும். அதன் பிறகும் தோட்டத்துச் சம்பள நாளை எதிர்பார்த்தே கடைகள் ஏன் நடக்கின்றன என்பதற்கு அதில் விடையில்லை. சம்பளம் போடும் பத்தாம் திகதியை ஒட்டித்தான் இன்றும் பசறையிலும் பதுளையிலும் கூட்டம் நெரிகிறது. அடகுக் கடையில் நகையை மீட்பதும் அப்போதுதான்.

கொழும்பில் கார்கில்ஸ் தன் முதல் பூட் சிட்டியைத் திறந்ததும் அதே 1983இல்தான். அந்த வகைக் கடை மலைக்கு ஏறியபோது கடன் கொப்பியைக் கொண்டுவரவில்லை. தோட்ட நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது. 2024இல் 1,350 ஆனது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பது நிச்சயமில்லாத குடும்பத்துக்கு, ரொக்கத்துக்கே விற்கும் கடையைவிட, லயத்துக்குப் பக்கத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டு அரைக் கிலோ மா கொடுக்கிற தோட்டக் கடையே கைகொடுக்கிறது. அப்படியானால் பதுளை சூப்பர் மார்க்கெட்டில் யார்தான் வாங்குகிறார்கள்? வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தையும் அரச உத்தியோகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். அது அடுத்த வாரம்.