கண்ணுக்குத் தெரியாதவர்கள் – 9: இரண்டு நஞ்சுகள்

கிராமத்துச் சாலையோர ஆலமரங்களில் வைக்கோல் பொதிகளும் சாக்கு மூட்டைகளும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கன்று ஈன்ற பசுவின் நஞ்சுக்கொடி அது. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. பசு ஈன்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, காளையா கிடேரியா? அடுத்த கேள்வி, ‘நஞ்சு விழுந்துடுச்சா?’

வயிற்றில் கன்றுக்கு உயிர் ஊட்டிய உறுப்பை நாம் நஞ்சு என்கிறோம். லத்தீனில் ‘வைரஸ்’ என்றாலும் நஞ்சுதான். 1898-ல் புகையிலைச் செடியின் தேமல் நோயை ஆராய்ந்த டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்க், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியிலும் சிக்காமல் நழுவிய நோய்ப்பொருளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். இந்த இரண்டு நஞ்சுக்கும் உறவு உண்டு என்பது தெரிய இன்னும் நூறாண்டு ஆனது.

ரெட்ரோவைரஸ்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். எச்.ஐ.வி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். நுரையீரல் செல்லிலோ ரத்தச் செல்லிலோ செருகினால் அந்த ஆளோடு கதை முடிந்தது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ செருகிவிட்டால்? பிள்ளைக்கு, பேரனுக்கு, கொள்ளுப்பேரனுக்கு என்று பரம்பரைச் சொத்தாகிவிடும். நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் இப்படி வந்து சேர்ந்ததுதான். உடலுக்கான புரதங்களைச் செய்யும் பகுதியோ 2 சதவீதம்கூடத் தேறாது.

வந்தவற்றில் பெரும்பாலானவை உடைந்து, செயலற்றுக் கிடக்கின்றன. உடையாத ஒன்றை 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்களும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரான குரங்கினத்துக்குள் புகுந்த வைரஸின் ஜீன் அது. அது செய்யும் புரதத்தின் பெயர் சின்சைட்டின். அது மிகுதியாக வேலை செய்யும் இடம், நஞ்சுக்கொடி!

வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதத்துக்கு ஒரே தொழில்: செல்லின் சவ்வோடு தன் உறையை ஒன்றாகக் கலக்கச் செய்து, உள்ளே வழி ஏற்படுத்துவது. கன்னம் வைக்கும் திருடனின் கன்னக்கோல் மாதிரி. நஞ்சுக்கொடி அதே கன்னக்கோலை எடுத்துச் செல்லையும் செல்லையும் இணைக்கிறது. ஏராளமான செல்கள் ஒன்றோடொன்று கலந்து, இடையில் சந்தே இல்லாத ஒற்றைப் படலமாகின்றன. தாயின் ரத்தம் அதன்மேல்தான் வந்து படுகிறது. ஆக்ஸிஜனும் சத்தும் உள்ளே போகும். ஆனால், தாயின் நோய் எதிர்ப்புச் செல்கள் நுழைய இடுக்கு கிடையாது. குழந்தையின் ஜீன்களில் பாதி தந்தையுடையது. தாயின் உடலுக்கு அது அந்நியம் அல்லவா? வேலி வேண்டியிருக்கிறது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2009-ல் பிரான்ஸில் தியரி ஹைட்மான் குழு எலிகளில் இதையொத்த ஒரு ஜீனை நீக்கிப் பார்த்தது. நஞ்சுக்கொடி சரியாக உருவாகவில்லை. கருக்கள் பாதியிலேயே இறந்தன.

இதைவிட வியப்பு, எலியின் சின்சைட்டின் நம்முடையதல்ல என்பது. அது வேறொரு வைரஸிடமிருந்து வந்தது. மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு மற்றொரு வைரஸ். ஆலமரத்துச் சாக்கு மூட்டைக்குள்ளும் ஒரு பழைய தொற்றின் மிச்சம் இருக்கிறது.

இதனால் வைரஸ் நல்லவன் ஆகிவிடவில்லை. பிள்ளைக்குப் போட வேண்டிய தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். வைரஸுக்கு நம்மைக் கெடுக்கும் எண்ணமும் கிடையாது, காக்கும் எண்ணமும் கிடையாது. திருடன் விட்டுப்போன கன்னக்கோலை வீடு கட்ட எடுத்துக்கொண்டது உயிர்தான்.

அடுத்த வாரம் கடலுக்குப் போவோம். அங்கே ஒரு மில்லி லிட்டர் நீரில் சுமார் 1 கோடி வைரஸ்கள் காத்திருக்கின்றன.