குறி சொல்லுதல்

குறி சொல்லுதல் என்பது ஒருவருக்கு நேர்ந்ததையும் இனி நேரவிருப்பதையும் தெய்வ அருளாலோ அடையாளங்களாலோ அறிந்து கூறுவதாக நம்பப்படும் வழக்கம் ஆகும். பேச்சு வழக்கில் போதிய ஆதாரமின்றி முன்கூட்டிக் கூறுவதையும் இத்தொடர் சுட்டும்.

சொற்பொருள்

குறி என்னும் சொல்லுக்கு அடையாளம், இலக்கு ஆகிய பொருள்கள் உண்டு. குறிப்பு, குறியீடு, குறிக்கோள் ஆகியவை இதனோடு தொடர்புடைய சொற்கள். சோதிடம் பிறந்த நேரத்தையும் கோள்நிலையையும் கணக்கிடுவது. குறியோ கேட்பவர் வந்த வேளையில் காணும் அடையாளத்தைச் சார்ந்தது. கட்டு, கழங்கு ஆகிய பழைய குறிமுறைகளைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தலைவியின் கை பார்த்துக் குறி சொல்கிறாள்.

கரிசல் வட்டாரத்தில்

கோவில்பட்டி, எட்டயபுரம், எப்போதும்வென்றான் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் பகுதியில் உடுக்கையடித்துக் குறி சொல்பவர் கோடாங்கி எனப்படுகிறார். தீராத நோய், களவுபோன பொருள் போன்றவற்றுக்காக அவரை நாடுவது ‘குறி கேட்டல்’ ஆகும். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார், குடுகுடுப்பைக்காரரின் பேச்சுமுறையைப் ‘புதிய கோணங்கி’ என்னும் பாடலில் சமூக மாற்றத்தை அறிவிக்கக் கையாண்டுள்ளார்.

அன்றாட வழக்கு

ஒருவர் ஊகித்தது அப்படியே நடந்தால் ‘குறி சொன்னது போல நடந்தது’ என்பர். விவரம் தராமல் விடை கேட்பவரிடம் ‘எனக்கென்ன சோசியமா தெரியும்?’ என்பர். தேர்தல் முடிவு பற்றிய ஊகங்களை நாளிதழ்கள் ‘ஆரூடம்’ என எழுதுவதுண்டு.

குறியும் முன்னறிவிப்பும்

கரிசல் மானாவாரி நிலங்களில் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துப் புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைப்பதுண்டு. இது புழுதி விதைப்பு எனப்படும். சிறு மழையில் விதை முளைத்து, அடுத்த மழை தாமதித்தால் பயிர் கருகும். விதைச் செலவும் உழைப்பும் வீணாகும். ஆகவே மழை பற்றிய சொல் இங்கு வெறும் பேச்சன்று.

1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத்துறையின் முன்னறிவிப்பு ஒருமுறை பொய்த்தால் அதையும் ‘குறி’ என்று கேலி செய்வதுண்டு. எனினும் இரண்டும் ஒன்றல்ல. மழைக்கு 60 விழுக்காடு வாய்ப்பு என்பது, அத்தகைய பத்து நாட்களில் ஏறத்தாழ ஆறு நாட்கள் மழை பெய்யும் என்பதாகும். எஞ்சிய நான்கு நாட்களின் வறட்சி அக்கூற்றைப் பொய்யாக்காது. பல ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டே அதன் தரத்தை அளக்க முடியும். குறியோ பெரும்பாலும் எந்த விளைவுக்கும் பொருந்துமாறு அமைவதால் அதனை அவ்வாறு சோதிக்க இயலாது.