நிற்கிற கால்களுக்கு ஒரு நாற்காலி

ஜவுளிக் கடையில் புடவை எடுக்க உட்கார்ந்தால் நமக்கு இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. உட்கார நாற்காலி உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு, கல்யாணப் புடவை என்றால் காபி கூட வரும். எதிரே நிற்கிற பெண்ணை நாம் பார்ப்பதில்லை. 'இது வேண்டாம், அந்த அரக்கு பார்டரைக் காட்டு' என்று நாம் சொல்லச் சொல்ல, ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டு, மறுபடி மடித்து அடுக்குகிறாளே, அவள் காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

எங்கள் தெருவில் அப்படி வேலைக்குப் போகிற ஒரு பெண் இருக்கிறாள். இருபத்திரண்டு வயதுதான். ராத்திரி வந்ததும் பக்கெட் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். "தண்ணியே குடிக்கிறதில்லை அத்தை. குடிச்சா பாத்ரூம் போகணும். அடிக்கடி போனா சூபர்வைசர் கேள்வி கேக்கிறார்" என்றாள். நீர்க்கடுப்பு அவளுக்கு மாசாமாசம் வருகிறதாம். நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் ரத்தம் தேங்கி நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு விட்டுப் போகும். மாதவிலக்கு நாட்களையும் கர்ப்பமாக இருக்கிற மாதங்களையும் சொல்லவே வேண்டாம். தைலம் தடவலாம், பார்லித் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் காரணம் கடையில் அல்லவா இருக்கிறது?

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே வேலை செய்த பெண்களும் இதே கஷ்டத்தைத்தான் பட்டார்கள். விஜி என்கிற ஒரு தையல்காரப் பெண் அவர்களை ஒன்றுசேர்த்து, 2009-ல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை சம்பளம் இல்லை, கழிப்பறை! அதற்குப் பிறகு உட்காருகிற உரிமை. கேரளத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பாத்ரூம், நாற்காலி என்பதெல்லாம் ஆண்கள் நடத்துகிற சங்கத்துக்கு ஒரு பிரச்னையாகவே படவில்லை போலும். அதனால் இவர்கள் தனியாகவே அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் சில பெண்கள் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். உட்காருவதற்காக உட்கார்ந்தே போராட்டம்! கடைசியில் 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது.

மூன்று வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில், நம் தமிழ்நாட்டு சட்டசபையிலும் அதே மாதிரி திருத்தம் வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காருகிற சந்தர்ப்பம் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. சட்டம் வந்துவிட்டது சரி, முக்காலி வந்ததா என்று அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். இல்லாத கடையில் 'ஏன் இல்லை?' என்று யார் கேட்பது? ஒருத்தி கேட்டால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்பார்கள். நூறு பேர் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. சங்கம் என்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

சங்கம் என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம். கொடி, கோஷம், போலீஸ், வேலை போய்விடும். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னையில் பெரம்பூர் பக்கத்து மில் தொழிலாளர்களுக்காக 'சென்னைத் தொழிலாளர் சங்கம்' ஆரம்பித்தார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. உறுதுணையாக நின்றார். அதன் பிறகு நடந்த தகராறில், மில் நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய், தொழிலாளர்களைத் தூண்டிவிடக் கூடாது என்று சங்கத் தலைவர்கள் மேலேயே தடை உத்தரவு வாங்கிவிட்டது! சங்கம் நடத்துவதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்கிற குரல் அதிலிருந்துதான் பலமாக எழும்பியது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேராவது மனு போட வேண்டும் என்பது அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அதோடு, அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களில் பத்தில் ஒரு பங்கோ அல்லது நூறு பேரோ, இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். விதிமுறை எழுதி, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, பதிவாளரிடம் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். சந்தா வாங்குகிறார்கள், வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். நம் மகளிர் குழுவில் நோட்டுப் போட்டு எழுதுகிறோமே, அந்த மாதிரிதான்.

பதிவு செய்துவிட்டால் மட்டும் முதலாளி பேச வந்துவிட மாட்டார். ஒரே இடத்தில் பல சங்கங்கள் இருந்தால், தொழிலாளர்களில் நூற்றுக்கு 51 பேருடைய ஆதரவு எந்தச் சங்கத்துக்கு இருக்கிறதோ அதுதான் எல்லாருக்குமாகப் பேசும். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். பேசி முடிவானதை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். போனஸ், ஓவர்டைம், லீவு, கேன்டீன் எல்லாம் அதில் வரும். பேச்சு முறிந்தால்தான் ஸ்டிரைக். அதற்கும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 14 நாள் பொறுக்க வேண்டும். நடுவில் அரசாங்க அதிகாரி சமரசம் பேசுவார். சங்கத்தில் சேர்ந்தாய் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டப்படி தப்பு. நடைமுறையில் வேறு காரணம் சொல்லித்தான் நீக்குவார்கள் என்பதும் தெரிந்த விஷயம். அப்போது வழக்கு நடத்தப் பக்கத்தில் நாலு பேர் வேண்டும். அதற்கும் சங்கம்தான்.

சங்கத்தையே கேள்வி கேட்ட பெண்களும் உண்டு. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள்தான், பாட்டன் பூட்டன் காலத்தில் மலையேறியவர்களின் வம்சம். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்ததும் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் சொல்ல வந்த ஆண் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள், பெண்கள் ஒற்றுமை என்று அர்த்தம். ஒன்பது நாள் நடந்தது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக மொத்தம் 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பிற்பாடு அவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது வேறு கதை. பிளவு வராத ஆண்கள் சங்கம் எங்கே இருக்கிறது?

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. சங்கக் கூட்டத்தை எப்போதும் சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கிறார்கள். அந்த நேரத்தில் பெண்ணுக்கு அடுப்பில் உலை கொதிக்கும், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும். அவள் வரவில்லை என்றால் 'பொம்பளைங்களுக்கு அக்கறை இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி வைத்துப் பார்க்கட்டுமே! வீட்டிலும் ஒரு நாள் மாமியாரோ கணவரோ சாதம் வடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் மகளோ மருமகளோ வேலைக்குப் போகிறவளாக இருந்தால், சங்கம் இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் ஒரு பழைய டின்னாவது எடுத்து அவளுடைய தாள்களைப் போட்டு வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். நம்பர், அடையாள அட்டையின் நகல். சங்கத்தில் சேர்ந்தால் சந்தா ரசீது. இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தேன் என்று நாளைக்கு லேபர் ஆபீசில் காட்ட அதுதான் சாட்சி. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், யார் கேட்டாலும் சரி, வீட்டில் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லி வரச் சொல்லுங்கள்.