செவியில் தோன்றும் கட்டிகளும் சிகிச்சையும்

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகர்களுள் ஒன்றான விக்ரோலி, தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊராகும். 1943இல் கோத்ரெஜ் நிறுவனம் இங்கு நிலம் வாங்கியது. 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலுக்கான எஃகு வாக்குப் பெட்டிகள் இங்கே பெருமளவில் உருவாயின. இத்தகைய தொழிற்பகுதிகளில் ஒருவருக்குக் காது மந்தமானால், இயந்திர இரைச்சலே காரணம் எனக் கொள்வது இயல்பு. இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி தொழில் நோய்களின் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

எனினும், ஆலை இரைச்சல் பெரும்பாலும் இரு காதுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கும். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் படிப்படியாகக் குறையுமாயின், வேறு காரணத்தைத் தேடுதல் வேண்டும். அக்காரணங்களுள் ஒன்று கட்டி. செவிக் கட்டிகள் அரியவை. ஆயினும் காலம் தாழ்த்தினால் அவற்றின் விளைவு கடுமையாகிவிடும்.

தீங்கற்ற கட்டிகள்

புற்றுத் தன்மையற்ற கட்டிகள் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதில்லை. காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளரும் ‘கெலாய்டு’ நம் நாட்டில் பலரும் கண்டிருக்கக்கூடியது. இதனை வெட்டி அகற்றுவதோடு நின்றுவிட்டால் மீண்டும் வளர்வதுண்டு. ஆதலால், ஸ்டீராய்டு ஊசியோ அழுத்தம் தரும் காதணியோ உடன் பயன்படுத்தப்படுகிறது. செவிக்குழாயில் தோன்றும் எலும்பு வளர்ச்சிகள், குழாயை அடைக்காத வரையில் சிகிச்சையின்றியே விடப்படலாம்.

நடுச்செவியில் தோன்றும் ‘குளோமஸ்’ கட்டி இரத்தக் குழாய்கள் நிறைந்தது. நாடித் துடிப்பிற்கேற்பக் காதில் ஒலி கேட்பது இதன் அடையாளம். இதிலிருந்து சோதனைக்காகத் திசு எடுப்பது பெரும் இரத்தப் பெருக்கை உண்டாக்கும். எனவே முதலில் ஸ்கேன் எடுத்தல் அவசியம்.

உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் உறையில் எழும் கட்டி, ‘அக்கூஸ்டிக் நியூரோமா’ எனப்படும். ஒரு காதில் செவிட்டுத் தன்மை, இரைச்சல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். புற்றுநோயன்று எனினும், பெரிதானால் மூளைத் தண்டை அழுத்தி உயிருக்கே ஊறு விளைவிக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. சிறிய கட்டியாயின் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் கண்காணித்தாலே போதும். வளரும் கட்டிக்குக் குவிக்கப்பட்ட கதிர்வீச்சு அல்லது நுண் அறுவை சிகிச்சை அளிக்கப்படுகிறது.

புற்றுக் கட்டிகள்

செவிமடலில் தோன்றும் புற்றுநோய்க்கு நெடுங்கால வெயில் ஒரு முக்கியக் காரணம். ஆறாத புண்ணாகவோ சிறு கொப்புளமாகவோ தொடங்கும் இது, தொடக்கத்திலேயே அகற்றப்பட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

செவிக்குழாயிலும் நடுச்செவியிலும் எழும் புற்று மிக அரியது, ஆனால் கொடியது. இந்நோயாளிகளுள் பலருக்குப் பல ஆண்டுகளாகவே காதில் சீழ் வடிந்திருக்கும். பழகிப்போன சீழ்தானே என்று எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்துவிடுவதால் நோய் மறைந்து வளர்கிறது. சீழுடன் இரத்தம், தணியாத வலி, முகத்தின் ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். திசுப் பரிசோதனையால் நோய் உறுதியானபின், செவியைச் சூழ்ந்த எலும்பையும் சேர்த்து அகற்றும் அறுவை சிகிச்சையும், தேவைப்படின் கதிர்வீச்சும் மேற்கொள்ளப்படுகின்றன.

வசதிகளும் கடமைகளும்

விக்ரோலியிலிருந்து இதே ரயில் பாதையில் சயான் நகராட்சி மருத்துவமனையும், பரேலில் 1941இல் தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையும் உள்ளன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டம் காப்பீடு பெற்ற தொழிலாளர்க்கும் குடும்பத்தினர்க்கும் சிகிச்சை வழங்குகிறது. 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007இல் 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது.

ஆகவே, மருத்துவமனை தொலைவில் இல்லை; நோயாளி அங்கு சென்று சேரும் காலமே நீண்டுவிடுகிறது. ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற அச்சமும் இதற்குக் காரணம். இதைக் குறைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. தொழிற்சாலைச் செவிச் சோதனையில் வலக்காது, இடக்காது ஆகியவற்றின் அளவுகளைத் தனித்தனியே பதிந்து, முந்தைய ஆண்டின் பதிவோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்குமிடையே வேறுபாடு காணப்படின், அத்தொழிலாளியை ஊதியத்துடன் கூடிய விடுப்பில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில், சிகிச்சைக்குப் பின்னும் நிற்காத சீழை மேல் பரிசோதனைக்கு அனுப்புவது விதியாக வேண்டும். உரிய காலத்தில் செய்யப்படும் இச்சிறு செயல்கள், ஒரு குடும்பத்தின் வருவாயையும் அதனை ஈட்டுபவரின் உயிரையும் காக்க வல்லவை.