மூலைக் கட்டத்தில் முடிந்த ஆட்டம்

சென்ற ஆண்டு மாவட்ட இளையோர் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் நான் ஆடிய ஆட்டம் 'டிரா' ஆயிற்று. முழுப் புள்ளி கிடைத்திருந்தால் மாநிலப் போட்டிக்குச் சென்றிருப்பேன்; கிடைத்தது அரைப் புள்ளி. "மந்திரியும் சிப்பாயும் இருந்தும் ஒற்றை ராஜாவை வெல்ல முடியவில்லையா?" என்று விடுதி நண்பர்கள் இன்றும் கேலி செய்கின்றனர். அவர்களுக்கு விடை கூறவே இக்கட்டுரை.

எதிரே அமர்ந்தவன் ஏழாம் வகுப்புச் சிறுவன். நாற்காலியில் முழந்தாளிட்டுத்தான் பலகையை எட்டினான். ஆட்டத்தின் இறுதியில் என்னிடம் ஒரு மந்திரியும், இடது ஓரத்தில் ஒரு சிப்பாயும், அதற்கு அடுத்து இன்னொரு சிப்பாயும் இருந்தன. அவனிடம் ஒரு குதிரை மட்டுமே. அந்தக் குதிரையால் ஓரத்திற்கு அடுத்த சிப்பாயை வெட்டினான். என் ராஜாதான் காவலுக்கு நின்றதே! குதிரையை வெட்டினேன். பையன் அவசரப்பட்டுவிட்டான் என்று எண்ணி, எழுந்து போய்த் தேநீரும் குடித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அவன் ராஜா மூலையை நோக்கி நகர்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

சிப்பாய் எதிர்க்கோடியை அடைந்தால் ராணியாகும். ஓரச் சிப்பாய் அடைய வேண்டியது மூலைக் கட்டம். எதிரி ராஜா அங்கே குடியேறிவிட்டால் அதைக் கிளப்பியாக வேண்டும். மந்திரி குறுக்காகவே செல்வதால், தான் நிற்கும் கட்டத்தின் நிறத்தை விட்டு ஒருநாளும் மாறாது. அந்த மூலை வெள்ளைக் கட்டம். என் மந்திரியோ கறுப்பில் ஓடுவது. 'செக்' சொல்லவே வழியில்லை. சிப்பாயை நெருக்கித் தள்ளினால் அவன் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. விதிப்படி அதுவும் டிராதான். பறிகொடுத்த சிப்பாய் தங்கியிருந்தால் வெற்றி எனதே. நான் காய்களை எண்ணினேன். அவன் கட்டத்தின் நிறத்தைப் பார்த்தான்.

கிராண்ட்மாஸ்டர்களும் இதில் இடறியதுண்டு. 1971-இல் கனடாவின் வான்கூவரில் பாபி பிஷருடன் ஆடிய இரண்டாம் ஆட்டத்தில், சோவியத் வீரர் டைமனோவ் குதிரையைப் பலியிட்டு ராஜாவை மூலைக்கு ஓட்டியிருந்தால் டிரா. பிஷரின் மந்திரியும் அந்த மூலையின் நிறத்தில் செல்லாதது. டைமனோவ் அதைக் காணாமல் தோற்றார். பந்தயமே 6-0 என முடிந்தது.

இருபது முறையாவது சுற்றிச் சுற்றி வந்தபின் கையை நீட்டினேன். பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டே பையன் சொன்னான்: "அண்ணா, உங்க மந்திரி வெள்ளைக் கட்டத்துல இருந்திருந்தா நான் குதிரையைக் கொடுத்திருக்கவே மாட்டேன்."